நாலரை மணி பலூன்

அப்பா இறந்த மறுநாள் குடிநீர் வாரிய அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஓர் இரங்கல் செய்தி ஒட்டினார்கள். யாரோ அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார்கள். ஐந்து வரி. மூன்று பிழை.

"அயராது உழைத்தவர்" என்று இருந்தது. அப்பாவுக்கு அங்கே செய்ய வேலையே தரவில்லை. "மூட்டுவலியோடு போராடி ஓடியவர்" என்று இருந்தது. மூட்டுவலி அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. "எந்தக் குற்றச்சாட்டுக்கும் ஆளாகாதவர்" என்று முடித்திருந்தார்கள். இதுதான் பெரிய பிழை. அவருடைய பணிப்பதிவேட்டில் ஒரு கண்டனம் இருக்கிறது. அதை அவர் கேட்டு வாங்கினார்.

நான் மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பொறியாளர். அளவு தப்பாக இருந்தால் திருத்திவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். இதுவும் அப்படி ஒரு வேலைதான்.

அப்பா நெடுந்தூர ஓட்டக்காரர். இருபத்தைந்து வயதில் நாட்டின் மாரத்தான் சாம்பியன். அடுத்த சில வருடங்களுக்கும் அவர்தான். துறைகளுக்கு இடையிலான போட்டியில் கோப்பை வேண்டுமென்று வாரியம் அவரை வேலைக்கு எடுத்தது. ஓடுவதற்காக எடுத்த ஆளை ஆயுளில் பாதி உட்கார வைத்தது. ஜன்னலோரம் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, மேஜைமேல் ஒரு தண்ணீர் ஜாடி. கோப்பு எதுவும் அந்தப் பக்கம் வராது. "அவர் விளையாட்டுக் கோட்டா. எழுதப் படிக்க வராது" என்று ஹெட் கிளார்க் முதல் நாளே முடிவு செய்திருந்தார். அப்பா கணிதத்தில் பட்டம் வாங்கியவர். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பத்திரிகைகள் ஒருகாலத்தில் அவரைக் 'காற்று' என்று எழுதின. அலுவலகத்தில் அவர் பெயர் 'நாற்காலி'.

காலையில் ஓடிவிட்டுக் குளித்துவிட்டுப் போய் உட்காருவார். சாயங்காலம் வந்து மறுபடி ஓடுவார். நடுவில் உட்கார்ந்த நேரத்தைப் பற்றி அவருக்குக் குறையே கிடையாது.

"ஓய்வும் பயிற்சியில ஒரு பகுதி பாப்பா. சம்பளம் குடுத்து ரெஸ்ட் எடுக்க வைக்கிறாங்க. எந்த நாட்டுச் சாம்பியனுக்கு இந்த வசதி இருக்கு, சொல்லு?"

அம்மா அடுப்படியிலிருந்து சொல்வாள்: "ஊரைச் சுத்தி நாலு ரவுண்டு ஓடுவார். உப்பு வாங்கிட்டு வாங்கன்னா மட்டும் தெருமுனை தூரமாயிடும்."

"கடைக்காரன் டைம் எழுதி வைக்க மாட்டானே" என்பார் அப்பா.

அவர் ஓடும் முறை ஒன்றுதான். முதல் பாதியை மெதுவாக ஓடுவார், கடைசி ஆட்களோடு ஆளாக. பாதி கடந்ததும் ஆள் மாறிவிடும். "முதல் பாதியில காலை மறைச்சு வைக்கணும். ரெண்டாம் பாதியில எடுத்துக் காட்டணும்" என்பார். கோப்பைகள் எல்லாம் அந்த இரண்டாம் பாதியில் வந்தவை.

ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தபோது வாரியத்துக்குப் புது இயக்குநர் வந்தார். வயது நாற்பது. ஓட ஆரம்பித்து இரண்டு வருடம், ஓட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்து இருபது வருடம் இருக்கும். மணிக்கட்டில் ஒரு கடிகாரம். அவர் தூங்கியது, மூச்சுவிட்டது, கவலைப்பட்டது எல்லாவற்றையும் அது எண்ணும். இடுப்புப் பட்டையில் சர்க்கரைப் பசைப் பொட்டலங்கள், உப்பு மாத்திரைகள், மடக்குக் குவளை. ஓடப்போகிறாரா, தனிக்குடித்தனம் போகிறாரா என்று அம்மா கேட்டாள்.

அவர் 'துளியும் வீணாக்காதே' என்று ஒரு மாரத்தான் அறிவித்தார். செலவை ஏற்றது ஒரு மூட்டுவலித் தைலக் கம்பெனி. கம்பெனிக்கு ஒரு முகம் வேண்டும். அப்போதுதான் ஜன்னலோரம் ஒரு சாம்பியன் உட்கார்ந்திருப்பது அலுவலகத்துக்கு நினைவு வந்தது.

"நீங்கதான் சார் நம்ம முகம்" என்றாராம் இயக்குநர், தன் அறையில் நாற்காலி போட்டு.

"முகம் எதுக்கு சார்? கால் இருக்கே" என்றாராம் அப்பா.

படம் எடுக்க வந்தவன் அவரை முழங்காலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான்.

"எனக்கு முழங்கால் வலி இல்லையே தம்பி."

"அதுக்குத்தான் சார் ஆக்டிங். பல்லைக் கடிங்க. இன்னும் வலிக்கட்டும். சூப்பர்!"

அடுத்த வாரம் ஓட்டப்பாதை நெடுக விளம்பரப் பலகைகள். எல்லாவற்றிலும் அப்பா, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, உயிர் போவதுபோல. கீழே: 'சாம்பியனுக்கே வலிக்கும்போது?' அம்மா மார்க்கெட் போகும் வழியில் ஒரு பலகை. அந்த வாரம் முழுக்கச் சுற்றுவழியில் போனாள்.

ஓட்டத்தைக் கொடியசைத்துத் தொடங்கிவைக்கவும் அப்பாவைக் கேட்டிருந்தார்கள். கொடியசைக்கத் தேதி சொல்ல வந்த ஹெட் கிளார்க்கிடம், "கொடியை வேற யாராவது அசைக்கட்டும். நான் ஓடுறேன்" என்றார்.

வீட்டில் அன்று சாப்பிடும்போது கேட்டேன். "தினமும்தான் ஓடுறீங்களே. இதுல என்ன புதுசா?"

"தினமும் ஓடுறது வேற. நம்பர் குத்திட்டு ஓடுறது வேற. கடைசியா நம்பர் குத்தி எத்தனையோ வருஷம் ஆச்சு. இன்னும் இருக்கா, போயிடுச்சான்னு தெரியணும்."

"உங்களுக்கே தெரியாதா?"

"எனக்குத் தெரியும். ஆனா நானே சொல்லிக்கிட்டா அது செல்லாது. இன்னொருத்தன் கடிகாரம் பார்த்து எழுதி வைக்கணும். நாளைக்கு நானே வந்து இல்லைன்னு சொன்னாலும் அழிக்க முடியாதபடி."

அம்மா தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "போயிடுச்சுன்னு எழுதி வெச்சுட்டா?"

"அதையும் தெரிஞ்சுக்கணும்ல."

ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்குக் காப்பீடு கிடையாது என்று கமிட்டி சொன்னது. மருத்துவச் சான்றிதழ் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றது. நான் பராமரிக்கும் மருத்துவமனை ஒன்றுக்கே அவரை அழைத்துப் போனேன். நெஞ்சில் வயர்களை ஒட்டி டிரெட்மில்லில் ஏற்றினார்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை பட்டையின் வேகமும் ஏற்றமும் கூடும். பெரும்பாலானவர்கள் நாலாவது படியில் கையைத் தூக்கிவிடுவார்கள். அப்பா எல்லாப் படிகளையும் முடித்தார். மெஷினில் அதற்குமேல் படி இல்லை. அது தானாக நின்றது.

டாக்டர் அவரைவிடப் பத்து வயது சின்னவர். கன்சல்டிங் அறையிலிருந்து வந்ததற்கே மூச்சு வாங்கியது. காகிதத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"மெஷின்ல ஏதோ கோளாறு. சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்க."

"நான்தான் சார் சர்வீஸ் ஆள்" என்றேன்.

"அப்ப செக் பண்ணுங்க."

"நேத்துதான் பண்ணினேன்."

அப்பா பட்டையிலிருந்து இறங்கி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "நல்ல மெஷின்தான் பாப்பா. ஆனா இவ்வளவு ஓடியும் எதிர்ச் சுவரு கிட்ட வரலை பாரு."

சான்றிதழைக் கமிட்டி வாங்கிக் கோப்பில் வைத்தது. காப்பீடு கிடையாது என்று மறுபடி சொன்னது. ஆனால் தைலக் கம்பெனிக்கு அவர் பாதையில் எங்காவது தெரிய வேண்டும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அவரைப் பேஸராகப் போட்டார்கள்.

பேஸர் போட்டியாளர் இல்லை, ஊழியர். ஓட்டத்தை எவ்வளவு நேரத்தில் முடிக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு இருக்கும். அந்தக் கணக்குப்படி சீராக ஓடிக் காட்ட ஓர் ஆள். அவர் முதுகில் ஒரு குச்சி, குச்சியில் பலூன், பலூனில் நேரம். பலூனுக்குப் பின்னால் போனால் அந்த நேரத்துக்குப் போய்ச் சேரலாம். மூணேமுக்கால், நாலு, நாலேகால் என்று பலூன்கள் இருந்தன. அப்பாவுக்குக் கடைசிப் பலூன். சிவப்பில் வெள்ளை எழுத்து: நாலரை மணி. பேஸருக்கு நேரம் பதியும் சிப் கிடையாது. முடிவுப் பட்டியலில் பெயரும் வராது.

"அப்ப எழுதி வைக்க மாட்டாங்களே" என்றேன்.

"ரோட்டுல இறங்கவாவது விட்டாங்களே" என்றார்.

அன்று நான் முடிவுக்கோட்டருகே முதலுதவிக் கூடாரத்தில் இருந்தேன், எங்கள் கம்பெனியின் இதய மின்னதிர்ச்சிக் கருவியோடு. அதனால் நடுவில் நடந்ததை ஒரு பல் டாக்டர் பெண்மணி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் நாலரை மணிக் கும்பலில் ஓடியவர்.

முதல் பாதி கச்சிதமாக இருந்ததாம். கும்பலில் எல்லோரும் அலுவலகம் போகிறவர்கள். அப்பா பேசிக்கொண்டே ஓடினார். யாருக்குக் காலணி கடிக்கிறது, யாருக்கு மூச்சு தப்புகிறது என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார். பாதித் தூரத்தில் தண்ணீர் மேஜை. தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. குடிநீர் வாரியம் நடத்திய ஓட்டம் அது. மேஜையில் தண்ணீரைச் சேமிப்பது எப்படி என்ற துண்டறிக்கை மட்டும் இருந்தது. கும்பல் அதை விசிறிக்கொண்டு நின்றது. நிமிர்ந்து பார்த்தால் தலைக்குமேல் அப்பாவின் பலகை.

யாரோ போனை எடுத்தார்கள். "சார், பலகைக்குக் கீழ வாங்க. ஒரு செல்ஃபி."

அப்பா போய் நின்றார்.

"அந்த மாதிரியே முழங்காலைப் பிடிங்க சார். மூஞ்சியையும் அப்படியே வைங்க. ப்ளீஸ் சார், வலிக்கிற மாதிரி."

"நாங்க எல்லாரும் சிரிச்சோம்மா" என்றார் பல் டாக்டர். "அவரும் சிரிச்சார். ஷூ நாடாவைக் கட்டிக்கிறேன்னு குனிஞ்சார். நான் போனைச் சரி பண்ணிட்டு நிமிர்ந்தா ஆள் இல்லை. தூரத்துல பலூன் மட்டும் குதிச்சுக் குதிச்சுப் போகுது."

அவர் காலை எடுத்துக் காட்டத் தொடங்கியிருந்தார். பலூனைக் கழற்ற மறந்துவிட்டார்.

அதன் விளைவை ஓட்டக்காரர்கள் மட்டுமே புரிந்துகொள்வார்கள். நாலேகால் மணிக்கு முடிக்கலாம் என்று நம்பி ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். பின்னாலிருந்து நாலரை மணிப் பலூன் உங்களைத் தாண்டிப் போகிறது. அப்படியென்றால் என்ன அர்த்தம்? நீங்கள் நாலரையைவிட மோசம். ஒவ்வொருவர் கையிலும் கடிகாரம் இருந்தது. ஒருவரும் அதை நம்பவில்லை. பலூனை நம்பினார்கள். சிலர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் வீட்டுக்குப் போன் போட்டு வண்டி எடுத்துவரச் சொன்னார். மற்றவர்கள் பேய் துரத்துவதுபோல ஓடி அடுத்த வளைவில் சுருண்டார்கள். நாலேகால் மணிப் பேஸர், பாவம், தன் பலூனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

இயக்குநர் நாலு மணிக் கும்பலில் இருந்தார். நாலு மணிக்குள் முடிப்பேன் என்று அலுவலகம் முழுக்கச் சொல்லியிருந்தார். சிவப்புப் பலூன் தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்தார். கடிகாரம் வேண்டாம் வேண்டாமென்று அலறியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு விரட்டினார். கொஞ்ச தூரத்தில் இரண்டு கெண்டைக்காலும் இழுத்துக்கொண்டன. மீதித் தூரம் தைல விளம்பரங்களைப் படித்துக்கொண்டே நடந்து வந்தார்.

முடிவுக்கோட்டில் அலுவலக ஊழியர்கள் ஒரு துணிப் பதாகையோடு காத்திருந்தார்கள். 'நாலு மணிக்குள் முடித்த நம் நாயகரே!' என்று முந்தைய நாளே அச்சடித்தது. தூரத்தில் மூணேமுக்கால் மணிப் பலூன் தெரிந்தது. அதன் பின்னால், பிறகு பக்கத்தில், பிறகு முன்னால் ஒரு சிவப்புப் பலூன். அறிவிப்பாளர் மைக்கில் "இதோ நாலரை மணி..." என்று ஆரம்பித்து, மேலே கடிகாரத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். யாரும் கைதட்டவில்லை. கைதட்டலாமா என்று மேலிடத்தில் கேட்க வேண்டியிருந்தது. பதாகையைச் சுருட்டி வைத்தார்கள்.

அப்பா என்னிடம் வந்து நின்றார். முகத்தில் உப்பு. முதுகில் பலூன்.

"கடைசியில பின்னால யாரோ பிடிச்சு இழுக்குற மாதிரியே இருந்துச்சு பாப்பா. வயசுன்னு நினைச்சேன்."

நான் குச்சியைக் கழற்றிக் காட்டினேன். பலூனை ஒரு தட்டு தட்டினார். பிறகு நாங்கள் இருவரும் சிரித்ததில் தலைமை நர்ஸ் எங்களைக் கூடாரத்துக்கு வெளியே போகச் சொன்னார்.

மாலையில் முடிவுப் பட்டியல் வெளியானது. எதிர்பார்த்ததுபோல அவர் பெயர் இல்லை. காலணியைக் கழுவிக் காயவைத்தார். அன்று உப்பு வாங்க அவரே கடைக்குப் போனார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "வாயைத் திறந்து ஏதாவது சொல்லித் தொலைங்களேன்" என்றாள்.

அடுத்த வாரம் மெமோ வந்தது. அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் படிக்கக் கொடுத்தார்.

"தாங்கள் நாலரை மணி நேரப் பலூனுக்குப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டிருந்தும், பாதித் தூரத்தைக் குறித்தபடி இரண்டேகால் மணி நேரத்தில் கடந்த பின், எவ்வித முன் அனுமதியுமின்றி வேகத்தை அதிகரித்து, மூன்று மணி நாற்பத்துநாலு நிமிடத்தில் எல்லைக்கோட்டை அடைந்துள்ளீர்கள். இதனால் ஏனையோருக்கு மனக்குழப்பமும் உயரதிகாரி ஒருவருக்குத் தசைப்பிடிப்பும் ஏற்பட்டன. குறித்த நேரத்துக்கு முன்னதாக வந்ததற்கான விளக்கத்தை ஒரு வாரத்துக்குள் அளிக்கவும்."

கீழே இயக்குநரின் கையெழுத்து, அலுவலக முத்திரை.

ஹெட் கிளார்க் அதைக் கொடுக்கும்போது பெருமையாகச் சொன்னாராம்: "லேட்டா வந்ததுக்கு எத்தனையோ மெமோ அடிச்சிருக்கேன் சார். சீக்கிரம் வந்ததுக்கு இதான் முதல். மாதிரி எதுவும் கிடைக்கல. நானே உட்கார்ந்து யோசிச்சு எழுதினேன்."

"என்ன அக்கிரமம்" என்று நான் ஆரம்பித்தேன்.

"அதை விடு. கழிச்சுப் பாரு."

"என்னத்தை?"

"இதுலேர்ந்து இதை."

கழித்தேன். இரண்டாம் பாதி, ஒன்றரை மணிக்கு ஒரு நிமிடம் குறைவு. பாதித் தூரத்தை மட்டும் அந்த வேகத்தில் ஓடுவதற்கு முப்பது வயதுக்காரர்கள் மாதக்கணக்கில் பயிற்சி எடுப்பார்கள். இவர் அதற்குமுன் ஒரு பாதியை முடித்துவிட்டு, தண்ணீர் இல்லாமல், பலூனையும் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். பலூனின் காற்றுத்தடையை நான் பிறகு கணக்கிட்டேன். அவர் வயது என்று நினைத்தது கொஞ்சம்தான். ஆனால் இருந்தது.

அப்பா காகிதத்தை வாங்கி மேஜையில் விரித்துக் கையால் நீவிவிட்டார். "முத்திரையோட எழுதிக் குடுத்துட்டாங்க" என்றார்.

ஊர்ப் பத்திரிகை ஒன்றுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. 'சீக்கிரம் வந்தால் குற்றம்' என்று கால் பக்கம் போட்டார்கள். இயக்குநர் அப்பாவை அழைத்தார். வாழ்க்கையில் இரண்டாவது முறையாக அந்த அறையில் அவருக்கு நாற்காலி கொடுக்கப்பட்டது.

"பெரிசு பண்ண வேண்டாம் சார். மெமோவைத் திரும்ப வாங்கிக்கிறேன். நீங்க ஒரு வரி மட்டும் எழுதிக் குடுங்க. காத்துல பலூன் கழண்டு முன்னால போயிடுச்சு, நீங்க குறிச்ச நேரப்படி நாலரை மணிக்குத்தான் வந்தீங்கன்னு."

"பலூன் தனியா ஓடிச்சுங்கிறீங்களா சார்?"

"காத்து அடிச்சுச்சு, யாரு பார்த்தா? இல்லைன்னா கண்டனம் போட வேண்டியிருக்கும். இத்தனை வருஷம் கறை இல்லாத சர்வீஸ். போற நேரத்துல எதுக்கு? பிரிவு உபசார விழா கூட நடத்த முடியாது."

"கறை படற மாதிரி எனக்கு எந்த வேலையும் தரலையே சார்." அப்பா எழுந்துகொண்டாராம். "குற்றத்தை ஒத்துக்கிறேன். தண்டனை எதுவானாலும் போடுங்க. நிமிஷத்தை மட்டும் மாத்தாதீங்க."

கண்டனம் போட்டார்கள். விழா நடக்கவில்லை. கடைசி நாளன்று அப்பா ஒரு விண்ணப்பம் கொடுத்தார். மெமோவின் பிரதி ஒன்றில் இயக்குநர் சான்றொப்பம் இட்டுத் தர வேண்டும். விதிப்படி மறுக்க முடியாது. 'உண்மை நகல்' என்று எழுதிப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். போடும்போது, தலை நிமிராமல், "ரெண்டாம் பாதியில எப்படி சார் அவ்வளவு ஏத்தினீங்க?" என்று கேட்டாராம்.

"முதல் பாதியில பேசாம உட்கார்ந்திருந்தேன் சார்" என்றாராம் அப்பா. இதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தார்.

கோப்பைகள் இருந்த அலமாரிக்கு மேலே அந்தக் காகிதம் கண்ணாடிச் சட்டத்தில் ஏறியது. "குற்றப்பத்திரிகையை நடு வீட்டுல மாட்டின ஆளு உங்கப்பா ஒருத்தர்தான்" என்பாள் அம்மா. தூசி தட்டுவது அவள்தான்.

இரண்டு வருடம் கழித்துக் கணையத்தில் புற்றுநோய் வந்தது. ஓட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் "ரொம்ப ஓடினார்ல, அதான்" என்றார்கள். மறுக்கத் தெம்பில்லை.

மருத்துவமனையில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த மானிட்டர் நான் பராமரிப்பதுதான். அது ஓயாமல் கத்தியது. அவருடைய நாடி சாதாரண ஆளைவிட மெதுவாக அடிக்கும். மெஷின் அதை ஆபத்து என்று நினைத்துக்கொண்டது. நர்ஸ் ஒவ்வொரு முறையும் ஓடி வந்தார். எச்சரிக்கைக்கான கீழ் எல்லையை நானே குறைத்து வைத்தேன்.

"என்ன பாப்பா கோளாறு?"

"கோளாறு இல்லப்பா. உங்க இதயம் ரொம்ப மெதுவா ஓடுதாம்."

"அது இன்னும் முதல் பாதியிலயே இருக்கு" என்றார். "அதுக்கு யாரும் சொல்லல போல."

இரங்கல் செய்தியின் படம் வந்த அன்றே ஹெட் கிளார்க்குக்குப் போன் செய்தேன். கடைசி வரி தப்பு, கண்டனத்தைச் சேர்க்க வேண்டும் என்றேன்.

"என்னம்மா நீங்க? செத்தவங்களைப் பத்தி நல்லதுதானே எழுதணும்?"

"அவருக்கு நல்லதுன்னு நீங்க எழுதினது அந்த மெமோ ஒண்ணுதான் சார்."

"மாதிரி இல்லாம எழுதினது" என்றார் தனக்குள் சொல்வதுபோல.

மறுநாள் புதுப் படம் வந்தது. கடைசி வரியை அடித்துவிட்டுக் கையால் எழுதியிருந்தார்: "குறித்த நேரத்துக்கு முன்னதாக வந்ததற்காக ஒருமுறை கண்டிக்கப்பட்டவர். மூன்று மணி நாற்பத்துநாலு நிமிடம்."

மற்ற இரண்டு பிழைகளும் அப்படியே இருந்தன. விட்டுவிட்டேன்.